கரு உண்டாகும் நாளைக் கண்டுபிடித்த டாக்டர்
ஜப்பான் நாட்டு ஒகினோவின் கதை

கல்யாணம் ஆகி மூன்று ஆண்டு ஆகிவிட்டது. வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை. அப்படிப்பட்ட மருமகளை என்ன செய்வது?

பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடு என்பது பழைய ஜப்பானில் இருந்த வழக்கம். மூன்று ஆண்டு கெடு. அதற்குள் பிள்ளை பெற வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சட்டப் புத்தகத்தில் இது இல்லை. ஆனால், மாமியார்கள் வாயில் இருந்தது. அது போதாதா?

குறை கணவனிடம் இருக்கலாம் என்று யாரும் எண்ணவில்லை. எந்த நாளில் கூடினால் கரு உண்டாகும் என்பதும் யாருக்கும் தெரியாது. ஊர்க் கிழவிகளுக்கு மட்டும் அல்ல, பெரிய பெரிய டாக்டர்களுக்கே தெரியாது!

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், ஜப்பானில் ஒரு கடற்கரைப் பட்டணத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டு இருந்த ஒரு டாக்டர். அவர் பெயர் கியூசாக்கு ஒகினோ.

ஜப்பானில் இவர் பெயர் தெரியாத வீடு இல்லை. பிரான்சு நாட்டிலும் இவர் பெயர் வீட்டுக்கு வீடு அடிபட்டது. ஆனால், அங்கே அது அடிபட்ட விதத்தைக் கேட்டால் அவரே வருத்தப்பட்டு இருப்பார். அந்தக் கதையைப் பிறகு சொல்லுகிறோம்.

சுவீகாரப் பிள்ளை

ஒகினோ பிறந்தது 1882-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி. ஊர், அய்ச்சி மாகாணத்தில் ஒரு கிராமம். அந்தக் கிராமம் இன்று டொயோஹாஷி நகரத்தோடு சேர்ந்துவிட்டது. விவசாயக் குடும்பம். பிறந்த வீட்டின் பெயர் நக்கமுரா.

பிறகு ஒகினோ என்ற குடும்பத்துக்குச் சுவீகாரம் போனார். நம் ஊரில் சுவீகாரம் என்றால் சின்னக் குழந்தையை எடுப்பார்கள். ஜப்பானில் அப்படி இல்லை. நன்றாகப் படிக்கும் வளர்ந்த பையனையே எடுத்துக்கொள்வார்கள். குடும்பப் பெயர் அழியக்கூடாது, அவ்வளவுதான். இப்படித்தான் நக்கமுரா வீட்டுப் பிள்ளை ஒகினோ ஆனார்.

படிப்பில் கெட்டிக்காரர். டோக்கியோ சர்வகலாசாலையில் டாக்டருக்குப் படித்து, 1909-ம் ஆண்டு பட்டம் பெற்றார். அதன் பிறகு பெண்கள் வைத்தியத்திலும் பிரசவ வைத்தியத்திலும் பயிற்சி பெற்றார்.

பெரிய படிப்புப் படித்தவர்கள் டோக்கியோவிலேயே இருந்து, பேராசிரியர் ஆகப் பார்ப்பார்கள். ஒகினோ 1912-ம் ஆண்டு நீகாட்டா என்ற ஊருக்குப் போய்விட்டார். அங்கே தக்கெயாமா ஆஸ்பத்திரி என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை டாக்டர். அப்போது அவருக்கு வயது 30.

நீகாட்டா, ஜப்பானின் மேற்குக் கரையில் இருக்கிறது. நெல் விளையும் பூமி. குளிர் காலத்தில் பனி கொட்டோ கொட்டு என்று கொட்டும். கூரை வரை பனி ஏறிவிடும் ஊர்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. அந்த ஊருக்குப் போன ஒகினோ, சாகும் வரை அங்கேயே இருந்துவிட்டார்!

இரண்டு வகைப் பெண்கள்

ஆஸ்பத்திரிக்கு இரண்டு வகைப் பெண்கள் வருவார்கள்.

ஒரு வகை, பிள்ளை இல்லாதவர்கள். எத்தனையோ கோவில் சுற்றி, எத்தனையோ மருந்து தின்று, கடைசியில் டாக்டரிடம் வருவார்கள்.

மற்றொரு வகை, ஆண்டுக்கு ஒன்றாகப் பெற்று, உடம்பு ஓடாய்த் தேய்ந்தவர்கள்.

இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான். எந்த நாளில் கரு உண்டாகிறது?

இதற்கு டாக்டர்களிடம் சரியான பதில் இல்லை. பதில் இல்லாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. தப்பான பதில் இருந்தது!

டாக்டர்களே தப்பு

பெண்ணின் அடிவயிற்றில், கருப்பையின் இரு பக்கமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. அவற்றில் இருந்து சினைமுட்டை வெளியே வருகிறது. அது ஆணின் விந்தணுவோடு சேர்ந்தால் கரு. இது 19-ம் நூற்றாண்டிலேயே டாக்டர்களுக்குத் தெரியும்.

முட்டை எப்போது வெளியே வருகிறது? அதுதான் தெரியாது.

விலங்குகளைப் பார்த்தார்கள். பெட்டை நாய்க்கு இரத்தம் படுகிற காலத்தை ஒட்டித்தான் அது சினைப்படுகிறது. பெண்ணுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். மாதவிலக்கு நேரத்தில்தான் முட்டை வருகிறது என்று பாடப் புத்தகத்தில் எழுதினார்கள்.

பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் மாதவிலக்கு முடிந்தவுடன் சேருங்கள், பிள்ளை வேண்டாம் என்கிறவர்கள் நடு மாதத்தில் சேருங்கள் என்று டாக்டர்கள் யோசனை சொன்னார்கள்.

எவ்வளவு பெரிய தப்பு! நடு மாதத்தில்தான் பெரும்பாலான பெண்களுக்கு முட்டை வெளியே வருகிறது. பிள்ளை வேண்டாம் என்று டாக்டர் பேச்சைக் கேட்டவர்களுக்குப் பிள்ளை பிறந்தது. வேண்டும் என்றவர்கள் நல்ல நாளைக் கோட்டை விட்டார்கள்.

முதல் உலகப் போரின் போது ஜெர்மன் டாக்டர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். போர்க்களத்தில் இருந்து சிப்பாய் இரண்டு நாள் லீவில் வீட்டுக்கு வருவான். திரும்பிப் போய்விடுவான். மனைவி கர்ப்பம் ஆனால், எந்த நாளில் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம் அல்லவா? நல்ல யோசனைதான். ஆனால், அந்தக் கணக்கிலும் மாதவிலக்குக்கு அடுத்த நாட்களே முக்கியம் என்றுதான் முடிவு வந்தது. குழப்பம் தீரவில்லை.

வேறு சில டாக்டர்கள் சினைப்பையையே ஆராய்ந்து, முட்டை வருவது நடு மாதத்தில் என்று சொன்னார்கள். ஒருவர் 14, 15-வது நாள் என்றார். இன்னொருவர் 19-வது நாள் என்றார். ஆளுக்கு ஒரு நாள்!

மஞ்சள் கட்டி

ஒகினோ புத்தகத்தை நம்பவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்று எண்ணினார்.

அவர் அறுவைச் சிகிச்சையில் தேர்ந்தவர். கருப்பைக் கோளாறு, கட்டி என்று வரும் பெண்களுக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்வார். அப்படித் திறக்கும்போது சினைப்பை கண்ணுக்கு எதிரே இருக்கும்.

முட்டை வெளியேறிய இடத்தில் ஒரு மஞ்சள் கட்டி உண்டாகும். அது இயற்கையாக உண்டாகும் கட்டி, நோய் அல்ல. அது புதிதாக இருந்தால், முட்டை இப்போதுதான் வெளியேறியது என்று பொருள். முற்றி இருந்தால், சில நாள் ஆகிவிட்டது. கட்டியே இல்லாமல் கொப்புளம் மட்டும் திரண்டு இருந்தால், முட்டை இனிமேல்தான் வரப்போகிறது. பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தெரிந்துவிடும். கருப்பையின் உள் தோலையும் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, இரண்டும் பொருந்துகிறதா என்று சரி பார்த்துக்கொண்டார்.

இவ்வளவும் மற்றவர்கள் செய்ததுதான். ஒகினோ கூடுதலாக ஒன்று செய்தார்.

ஒவ்வொரு பெண்ணிடமும் மாதவிலக்குத் தேதிகளைக் கேட்டு எழுதினார். போன மாதம் எந்தத் தேதி, அதற்கு முந்திய மாதம் எந்தத் தேதி, எத்தனை நாள் இடைவெளி என்று துருவித் துருவிக் கேட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அடுத்த மாதவிலக்கு எப்போது வந்தது என்றும் விசாரித்துக் குறித்துக்கொண்டார்.

பகலில் ஆஸ்பத்திரி வேலை. பிரசவத்துக்கு இராத்திரி, பகல் என்று இருக்கிறதா? அதையும் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் நீகாட்டா மருத்துவக் கல்லூரிக்குப் போய் ஆராய்ச்சி. சம்பளம் கிடையாது. போ என்று சொன்னவரும் கிடையாது. இப்படிப் பல ஆண்டு!

பின்னால் இருந்து எண்ணினார்

குறிப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். எல்லா டாக்டர்களும் மாதவிலக்கு வந்த நாளில் இருந்து முன்னோக்கி எண்ணினார்கள். பத்தாம் நாள், பதினைந்தாம் நாள், இருபதாம் நாள் என்று எண்ணினார்கள். எண்ணி எண்ணிப் பார்த்தும் ஒரு பெண்ணைப் போல மற்றொரு பெண் இல்லை.

ஒகினோ தலைகீழாக எண்ணினார். அடுத்து வரப்போகும் மாதவிலக்கில் இருந்து பின்னோக்கி எண்ணினார்.

உடனே எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது! 28 நாளுக்கு ஒரு முறை விலக்கு ஆகிறவள், 35 நாளுக்கு ஒரு முறை ஆகிறவள், எல்லோருக்கும் ஒரே மாதிரி. அடுத்த விலக்குக்கு முன்னால் உள்ள 12-வது நாளுக்கும் 16-வது நாளுக்கும் நடுவில் முட்டை வெளியே வந்து இருந்தது.

இது எப்படி என்று ஓர் உதாரணம் சொல்லுகிறோம். ஒரு மாட்டு வண்டிக்காரர் தினமும் சந்தைக்குப் போகிறார். வீட்டில் இருந்து ஆற்றுப் பாலம் வரை போக, ஒரு நாள் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் பேச்சு, தேநீர், சேறு, சகதி! ஆனால், பாலத்தைத் தாண்டிவிட்டால் சந்தைக்கு அரை மணிதான். என்றைக்கும் அரை மணிதான். வண்டி பாலத்தை எப்போது தாண்டியது என்று தெரிய வேண்டுமானால், புறப்பட்ட நேரத்தைக் கேட்டுப் பயன் இல்லை. சந்தைக்கு வந்த நேரத்தைக் கேட்டு, அரை மணியைக் கழிக்க வேண்டும்.

பெண் உடம்பும் அப்படித்தான். முட்டை முற்றி வெளியே வரும் வரை ஆகும் காலம் கூடும், குறையும். கவலை, காய்ச்சல், பிரயாணம் எல்லாம் அதைத் தள்ளிப் போடலாம். முட்டை வெளியேறிய பிறகு மஞ்சள் கட்டிக்கு ஆயுள் ஏறக்குறைய இரண்டு வாரம். கரு தங்காவிட்டால் அது சுருங்கிவிடும். உடனே விலக்கு.

இவ்வளவு எளிய விஷயம். இதைக் காண ஐரோப்பாவின் பெரிய ஆராய்ச்சிச் சாலைகளால் முடியவில்லை.

1924-ம் ஆண்டு ஒகினோ தம் ஆராய்ச்சியை ஜப்பான் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். ஜப்பானிய மகளிர் மருத்துவச் சங்கம் அதற்குப் பரிசு கொடுத்தது. டோக்கியோ சர்வகலாசாலை டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 42.

கணக்கு எப்படி?

ஒகினோவின் கணக்கை வீட்டில் போட்டுப் பார்க்கலாம். காலண்டர் ஒன்று போதும்.

மாதவிலக்கு தொடங்கிய நாளை 1 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த விலக்குத் தொடங்குவதற்கு முந்திய நாள் வரை எண்ண வேண்டும். 28 வந்தால், அது 28 நாள் சுற்று.

28 நாள் சுற்று உள்ள பெண்ணுக்கு முட்டை வருவது 13-வது நாளுக்கும் 17-வது நாளுக்கும் இடையில். விந்தணு பெண்ணின் உடம்பில் 3 நாள் உயிரோடு இருக்கும் என்று ஒகினோ கணக்கு வைத்தார். எனவே 3 நாள் முன்னாலேயே தொடங்க வேண்டும். ஆக, 10-வது நாள் முதல் 17-வது நாள் வரை கரு உண்டாகும் காலம்.

35 நாள் சுற்று என்றால்? 17-வது நாள் முதல் 24-வது நாள் வரை.

24 நாள் சுற்று என்றால்? 6-வது நாள் முதல் 13-வது நாள் வரை.

இந்த மூன்றையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். 24 நாள்காரிக்கு 13-ம் நாளோடு முடிந்துவிடுகிறது. 35 நாள்காரிக்கு 17-ம் நாள்தான் தொடங்குகிறது. இரண்டு பேருக்கும் ஒரே நாளைச் சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? ஒருத்திக்காவது தப்பாகப் போகும். அப்படித்தான் எத்தனையோ பேருக்குத் தப்பாகப் போனது.

சுற்று ஒழுங்காக இல்லாத பெண்களும் உண்டு. ஒரு மாதம் 26 நாள், ஒரு மாதம் 32 நாள். அவர்கள் சில மாதம் தேதிகளைக் குறித்து வைக்க வேண்டும். மிகக் குறைந்த எண்ணில் 18-ஐக் கழிக்க வேண்டும். 26-ல் 18 போனால் 8. மிகக் கூடிய எண்ணில் 11-ஐக் கழிக்க வேண்டும். 32-ல் 11 போனால் 21. எட்டாம் நாள் முதல் இருபத்து ஒன்றாம் நாள் வரை. நாள் கொஞ்சம் அதிகம்தான். ஆனால், பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஜெர்மனியில்

ஜப்பான் மொழியில் எழுதியதை ஐரோப்பாவில் யார் படிப்பார்கள்? அந்தக் காலத்தில் மருத்துவ உலகத்துக்கு மொழி ஜெர்மன். ஒகினோ 1929-ம் ஆண்டு ஜெர்மனிக்குப் போனார். ஜெர்மன் மொழியில் எழுதிய அவர் கட்டுரை, 1930-ம் ஆண்டு அந்நாட்டின் முக்கிய மகளிர் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

அதற்குள் இன்னொருவர் முந்திக்கொண்டார்!

அவர் பெயர் ஹெர்மன் க்னாஸ். ஆஸ்திரியா நாட்டு டாக்டர். ஒகினோவுக்குப் பத்து வயது இளையவர். அவர் முயல்களை வைத்து ஆராய்ச்சி செய்தார். முட்டை வெளியேறிய பிறகு கருப்பையின் தசை ஒரு மருந்துக்கு அசைந்து கொடுப்பது இல்லை என்று கண்டார். பெண்களிடமும் அதைச் சோதித்து, அடுத்த விலக்குக்கு இரண்டு வாரம் முன்னால் முட்டை வருகிறது என்ற அதே முடிவுக்கு வந்தார். 1928-ம் ஆண்டு அதைச் சொன்னார்.

ஒருவரை ஒருவர் அறியாமல், இரண்டு பேர் இரண்டு வழியில் போய் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். ஒகினோ வெளியிட்டது 1924. க்னாஸ் சொன்னது 1928. யார் முதல் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஐரோப்பாவில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே சொல்லுகிறார்கள். ஜப்பானில் ஒகினோ பெயர் மட்டும்தான்!

இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முட்டை வருவது ஏறக்குறைய ஒரே குறிப்பிட்ட நாள் என்று க்னாஸ் அடித்துச் சொன்னார். ஒகினோ ஐந்து நாள் இடம் விட்டார். ஆஸ்பத்திரியில் நித்தம் நித்தம் பெண்களைப் பார்த்தவர் அவர். உடம்பு கடிகாரம் அல்ல என்று அவருக்குத் தெரியும்.

தலைகீழாகப் பயன்பட்டது

இனிமேல்தான் ஒகினோவுக்கு வருத்தம் தந்த கதை வருகிறது.

எந்த நாளில் கரு உண்டாகும் என்று சொன்னார் அவர். எந்த நாளில் உண்டாகாது என்று உலகம் அதைத் திருப்பிப் படித்தது!

1930-ம் ஆண்டு ஹாலந்து நாட்டில் ஸ்முல்டர்ஸ் என்ற கத்தோலிக்க டாக்டர், பிள்ளை வேண்டாதவர்களுக்காக இந்தக் கணக்கை எழுதி வெளியிட்டார். 1932-ம் ஆண்டு அமெரிக்காவில், சிகாகோ நகரத்து டாக்டர் லியோ லாட்ஸ் ஒரு புத்தகம் போட்டார். அதற்கு அவர் வைத்த பெயருக்குத் தமிழில் தாளம் என்று பொருள். அதில் இருந்து இது தாள முறை என்றே பெயர் பெற்றுவிட்டது.

கத்தோலிக்க மதத் தலைவரான போப் ஆண்டவர், கருத்தடைச் சாதனங்களை 1930-ம் ஆண்டு கடைசியில் வன்மையாகக் கண்டித்தார். சாதனம் வேண்டாம், மருந்து வேண்டாம், நாள் பார்த்து விலகி இருந்தால் போதும் என்றால், அந்த மதத்தினர் விடுவார்களா? 1951-ம் ஆண்டு 12-ம் பத்திநாதர் என்ற போப் ஆண்டவர், தக்க காரணம் இருந்தால் இதைக் கைக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒகினோ பெயர் உலகம் முழுவதும் பரவியது.

பெயரோடு கேலியும் பரவியது. பிரான்சில் கணக்குத் தப்பிப் பிறந்த குழந்தைகளுக்கு ஒகினோ குழந்தைகள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

ஒகினோ இதை விரும்பவில்லை. பிள்ளையைத் தடுக்க இதை நம்பாதீர்கள் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டு இருந்தார். பிள்ளை வேண்டாதவர்களுக்கு வேறு நம்பத் தகுந்த வழிகள் இருக்கின்றன, இது பிள்ளை வேண்டுகிறவர்களுக்கு என்பது அவர் கட்சி.

ஏன் அப்படி? யோசித்துப் பார்த்தால் நியாயம் விளங்கும். அடுத்த விலக்கு எந்த நாள் என்பது வந்த பிறகுதான் நிச்சயம். அதற்கு முன்னால் அது வெறும் ஊகம். ஊகம் தப்பினால், பிள்ளை வேண்டும் என்கிறவளுக்கு ஒரு மாதம் நஷ்டம். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை வேண்டாம் என்கிறவளுக்கு? ஆயுள் முழுவதற்கும் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. அல்லது, கருவைக் கலைக்க ஓடுகிறாள். ஒரே தப்பு, இரண்டு பேருக்கும் ஒரே விலை அல்ல.

இந்தியாவில் பாசி மணி

இந்த முறை நம் நாட்டுக்கும் வந்தது. 1951-ம் ஆண்டு மத்திய சுகாதார மந்திரியாக இருந்தவர் ராஜகுமாரி அமிர்த கௌர். அவர் அழைப்பின் பேரில், உலகச் சுகாதார நிறுவனம் அமெரிக்க டாக்டர் ஆபிரகாம் ஸ்டோனை அனுப்பியது. டெல்லியில் லோடி காலனியிலும், அன்றைய மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்த ராமநகரத்திலும், பிள்ளைப் பேற்றைக் குறைக்க இந்த நாள் கணக்கு முறையைச் சோதித்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள்? ஒரு மணிமாலை கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி. தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். ஒரு நிற மணி வந்தால் சேரலாம். வேறு நிற மணி வந்தால் விலக வேண்டும்.

கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் ஓடவில்லை. பலருக்கு விலக்கே ஒழுங்காக வருவது இல்லை. மணி தள்ள மறந்தவர்கள் உண்டு. மாலையும் கையுமாக இருந்த பெண்ணின் பேச்சைக் கணவன் கேட்க வேண்டுமே! கொஞ்ச காலத்தில் அரசாங்கம் வேறு வழிகளைத் தேடிக்கொண்டது. இந்தியாவில் நடந்ததை ஒகினோ கேள்விப்பட்டு இருந்தால் ஆச்சரியப்பட்டு இருக்கமாட்டார்.

இன்றைய டாக்டர்கள் சொல்வது

ஒகினோவின் கணக்குக்கு நூறு வயது ஆகிவிட்டது. அதில் எது நின்றது, எது மாறியது?

பின்னோக்கி எண்ண வேண்டும் என்பது நின்றுவிட்டது. ஆனால், விந்தணு 3 நாள்தான் இருக்கும் என்று அவர் நினைத்தார். 5 நாள் வரை இருக்கலாம் என்று இன்று தெரிகிறது. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுதாக இல்லை.

1995-ம் ஆண்டு அமெரிக்காவில், பிள்ளை வேண்டும் என்று இருந்த 221 பெண்களை வைத்துச் சோதனை செய்தார்கள். கரு உண்டாவது ஒரு சுற்றில் 6 நாளில் மட்டும்தான் என்று தெரிந்தது. முட்டை வெளியேறும் நாளும், அதற்கு முந்திய 5 நாளும். மறு நாள் சேர்ந்தவர்கள் ஒருவருக்கும் கரு இல்லை!

இதில் இருந்து முக்கியமான ஒரு விஷயம் தெரிகிறது. முட்டை வரட்டும் என்று காத்து இருக்கக்கூடாது. முட்டை வரும்போது விந்தணு அங்கே காத்து இருக்க வேண்டும்.

சிலர் தினமும் காலையில் உடம்புச் சூடு பார்க்கிறார்கள். முட்டை வெளியேறிய பிறகு சூடு கொஞ்சம் ஏறும். ஏறிய பிறகு தெரிந்து என்ன பயன்? அந்த மாதத்துக்கு வண்டி போய்விட்டது. இரண்டு மூன்று மாதம் குறித்து வைத்தால், தன் உடம்பின் போக்குத் தெரியும். அவ்வளவுதான்.

அதைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு. நடு மாதத்தில் வெள்ளை படுவது, பச்சை முட்டையின் வெள்ளைக் கருவைப் போலத் தெளிவாக, வழுவழுப்பாக, இழுத்தால் நூல் போல நீளும். இது முட்டை வரப்போகும் அறிகுறி. காசு செலவு இல்லை. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகளும் மருந்துக் கடையில் விற்கின்றன. முட்டை வர ஒரு நாள், ஒன்றரை நாள் முன்னால் அது காட்டிவிடும்.

28 நாள் சுற்று, 14-ம் நாள் முட்டை என்று எல்லோருக்கும் ஒரே பாடம் சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2000-ம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, 10-வது நாளுக்கும் 17-வது நாளுக்கும் உள்ளே கருவுறும் காலம் முழுவதும் அடங்குவது 100 பெண்களில் 30 பேருக்குத்தான். ஒகினோ 1924-லேயே சொன்னது அது. இன்னும் பலர் காதில் விழவில்லை.

நாள் எண்ணி எண்ணிக் கணவன், மனைவி இருவருக்கும் மனம் சலித்துப் போவதும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் காலண்டரைச் சுருட்டி வைக்கலாம். விலக்கு நின்றதில் இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்து இருந்தால் போதும். நல்ல நாள் தானாக அதில் வந்துவிடும். அடிக்கடி சேர்ந்தால் விந்தின் சக்தி குறைந்துவிடும் என்று பயந்து, பல நாள் அடக்கி வைப்பது தேவை இல்லாத வேலை.

இப்படி ஓர் ஆண்டு இருந்தும் கரு தங்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு வயது 35 ஆகிவிட்டால் 6 மாதத்துக்கு மேல் காத்து இருக்கக்கூடாது. விலக்கு ஒழுங்காக வராதவர்கள் உடனே போகலாம். போகும்போது இரண்டு பேரும் போக வேண்டும். விந்துப் பரிசோதனை சுலபமானது. ஊசி இல்லை, கத்தி இல்லை. பெண்ணுக்கு எல்லாச் சோதனையும் செய்து முடித்த பிறகு, கடைசியில் குறை கணவனிடம் என்று கண்டுபிடிக்கும் வீடுகள் எத்தனை!

கடைசி வரை நீகாட்டா

ஒகினோவின் கெட்டிக்காரத்தனம் இந்தக் கணக்கோடு முடிந்துவிடவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்வதிலும் அவர் பேர் பெற்றவர். அந்த ஆபரேஷனைத் திருத்தி அமைத்தார். மற்ற டாக்டர்கள் அவரிடம் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஒகினோ பெயரில் அந்த முறையும் ஜப்பானில் வழங்குகிறது.

1934-ம் ஆண்டு அவருடைய ஆராய்ச்சி ஆங்கிலத்தில் புத்தகமாக அமெரிக்காவில் வெளிவந்தது. உலகப் புகழ் வந்துவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் டோக்கியோவுக்குப் போய், பெரிய பதவியில் உட்கார்ந்து இருப்பார். ஒகினோ தக்கெயாமா ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை. அதே ஆஸ்பத்திரிக்குத் தலைவர் ஆனார். முதுமையிலும் நோயாளிகளைப் பார்த்தார்.

1912-ல் அவர் வந்தபோது பிறந்த குழந்தைகள் வளர்ந்து, தாயாகி, பாட்டியும் ஆனார்கள். அவ்வளவு காலம் ஒரே ஊரில் இருந்தார். நீகாட்டா நகரம் அவருக்குக் கௌரவக் குடிமகன் என்ற சிறப்பைக் கொடுத்தது.

1975-ம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ந் தேதி, புத்தாண்டு நாளில், ஒகினோ காலமானார். வயது 92.

அவர் குடியிருந்த வீடு இருந்த இடத்தில் இன்று ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. அதற்கு ஒகினோ பூங்கா என்று பெயர். பக்கத்துத் தெருவுக்கும் அவர் பெயர்தான்.